கொடுக்கும்வரைதான் அரசன்

வெசெக்ஸ் நாட்டை 688 முதல் 726 வரை ஆண்ட இனே என்ற அரசன் ஒரு சட்டத் தொகுப்பை விட்டுப் போயிருக்கிறான். கொள்ளையடிக்க வருகிறவர்களைத் தலை எண்ணிப் பிரிக்கும் விதி ஒன்று அதில் உண்டு. 7 பேர் வரை வந்தால் அவர்கள் திருடர்கள். 7-லிருந்து 35 வரை என்றால் கும்பல். அதற்கு மேல் போனால் படை. இங்கிலாந்தில் ஆங்கிலோ-சாக்சன் அரசர்கள் தலையெடுத்த காலத்துப் போர்களைப் புரிந்துகொள்ள இந்த விதியிலிருந்து தொடங்குவதுதான் நல்லது. அடிவானம் வரை குதிரையும் கொடியுமாக நிற்கிற சினிமாச் சேனையை முதலில் மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

இந்த விதி குற்றவாளிக்குத் தண்டனை அளக்க எழுதப்பட்டது. பெரிய போர்களில் இதைவிட நிறையப் பேர் நின்றிருப்பார்கள். ஆனாலும் நாற்பது பேர் ஆயுதத்தோடு வந்து இறங்கினால் அதைப் படையெடுப்பாகவே சட்டம் பார்த்தது. சுமார் நூறு ஆண்டுகள் கழித்து, 786-ல், அதே வெசெக்ஸில் கினெவுல்ஃப் என்ற அரசன் ஒரு பெண்ணைப் பார்க்கச் சில ஆட்களோடு மட்டும் போயிருந்தபோது, பழைய பகை வைத்திருந்த இளவரசன் கினெஹார்ட் வீட்டை வளைத்துக்கொண்டான். அரசன் அங்கேயே செத்தான். மறுநாள் அரசனின் மற்ற வீரர்கள் வந்து பழிதீர்த்தபோது இளவரசனோடு மடிந்தவர்கள் 84 பேர். ஓர் அரியணை கைமாற அந்த ஆட்பலம் போதும் என்று ஒருவன் நம்பியிருக்கிறான், பாதி வெற்றியும் பெற்றிருக்கிறான்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் ரோமானிய ஆட்சி முடிந்தது. வட ஜெர்மனி, டென்மார்க் கரைகளிலிருந்து ஆங்கிள்கள், சாக்சன்கள், ஜூட்டுகள் வந்து குடியேறினார்கள். 600-ஐ ஒட்டி நார்தம்ப்ரியா, மெர்சியா, கிழக்கு ஆங்கிலியா, கென்ட், வெசெக்ஸ் என்று பெரியதும் சிறியதுமாகப் பல நாடுகள் உருவாகியிருந்தன. இவற்றைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி ஜாரோ மடத்துத் துறவி பீட் 731-ல் எழுதி முடித்த திருச்சபை வரலாற்றிலிருந்து வருகிறது.

இந்த நாடுகளில் ஓர் அரசனிடம் என்ன இருந்தது? சம்பளப் படை இல்லை. தலைநகர் இல்லை. நாணயப் புழக்கம் மிகக் குறைவு என்பதால் பணமாக வரி வாங்கவும் வழியில்லை. இருந்தது ஒரு மரக்கூடம், அதில் சேர்ந்து உண்டு குடிக்கிற ஒரு வீரர் கூட்டம். நல்ல குடியில் பிறந்த பையன்கள் பதினான்கு, பதினைந்து வயதில் அந்தக் கூடத்துக்கு வந்து சேர்வார்கள். சொந்த நாட்டு அரசனிடம்தான் சேர வேண்டும் என்பதில்லை. நார்தம்ப்ரியாவின் ஒரு பகுதியான டெய்ராவின் அரசன் ஆஸ்வைனின் பண்பைக் கேள்விப்பட்டு ஏறக்குறைய எல்லா நாடுகளிலிருந்தும் உயர்குடியினர் அவனிடம் வந்து சேர்ந்தார்கள் என்று பீட் எழுதுகிறார். கொடுக்கிற அரசன், கொடாத அரசன் என்ற பேச்சு எல்லை தாண்டிப் போயிற்று. அரசன் சோறு போட்டான், வாளும் குதிரையும் பொன்வளையமும் கொடுத்தான். அவர்கள் அவனுக்காகப் போரிட்டார்கள். அவன் களத்தில் விழுந்தால் அவர்கள் உயிரோடு திரும்புவது அவமானம். இருபத்தைந்து வயதை ஒட்டி, உழைத்ததற்கு ஈடாக நிலம் கிடைக்கும். அதன் பிறகுதான் கல்யாணம், குடும்பம்.

சோறு எங்கிருந்து வந்தது என்பதற்கும் இனேயின் சட்டத்தில் பதில் இருக்கிறது. ஒரு ஹைட் என்பது ஒரு குடும்பம் வாழத் தேவையான நிலம். 10 ஹைட் நிலத்திலிருந்து வர வேண்டியவை இவை: 10 தாழி தேன், 300 ரொட்டி, நாற்பதுக்கு மேற்பட்ட அளவு பீர், 2 வளர்ந்த மாடு அல்லது 10 கிடா, 10 வாத்து, 20 கோழி, 10 பாலாடைக்கட்டி, ஓர் அளவு வெண்ணெய், 5 சால்மன் மீன், கால்நடைத் தீவனம், 100 விலாங்கு. இந்தப் பட்டியலை வைத்து அரசனும் தோழர்களும் நாள்தோறும் மாட்டிறைச்சியில் புரண்டார்கள் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2022-ல் வெளிவந்த ஆய்வொன்று அக்கால எலும்புகளின் வேதியியலைப் பரிசோதித்து அதை மறுத்தது. உயர்குடியினரும் மற்றவர்களைப் போலத் தானியம் தின்றே வாழ்ந்திருக்கிறார்கள். பட்டியலில் இருப்பது எப்போதாவது நடக்கும் பெருவிருந்துக்கான பண்டம், அதில் உழவர்களும் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள் என்பது அந்த ஆய்வாளர்களின் வாதம். எனக்கு இது மிகவும் பொருந்துகிறது. ஊருக்கு ஊர் போய், கொண்டுவந்து கொடுத்தவர்களோடு சேர்ந்து உண்ணும் அரசனை மக்கள் முகம் பார்த்து அறிந்திருப்பார்கள்.

நார்தம்ப்ரிய அரசர்கள் அப்படிப் போய்த் தங்கிய இடங்களில் ஒன்று யெவரிங். அங்கே நடந்த அகழாய்வில் பெரிய மரக்கூடங்களோடு, படிப்படியாக உயரும் இருக்கைகள் கொண்ட ஒரு மர அரங்கின் தடமும் கிடைத்தது. எட்வின் அரசனோடு அங்கே வந்த பாலினஸ் பாதிரியார் 36 நாள் தங்கி, காலையிலிருந்து மாலை வரை மக்களுக்குப் போதித்து, பக்கத்து க்ளென் ஆற்றில் ஞானஸ்நானம் கொடுத்தார் என்கிறார் பீட்.

கொடுக்கப்பட்ட பொருள் எப்படி இருந்தது என்பதை 2009 வரை நாம் பெரும்பாலும் ஊகித்துத்தான் பார்க்க முடிந்தது. அந்த ஆண்டு லிச்ஃபீல்டு ஊருக்குப் பக்கத்தில், பழைய மெர்சியாவின் நடுவில், ஒரு வயலில் உலோகக் கண்டறி கருவிக்குப் புதையல் அகப்பட்டது. சுமார் 4 கிலோ தங்கம், கூடவே வெள்ளி, சுமார் 4,600 துண்டுகள். பெண்கள் அணியும் நகை ஏறக்குறைய எதுவுமே இல்லை. சிலுவை போன்ற சில சமயப் பொருட்களை விட்டால் பெரும்பாலானவை வாள் கைப்பிடியிலிருந்து பெயர்த்தெடுத்தவை. வாளின் அலகு ஒன்றுகூடக் கிடையாது. கைப்பிடியின் முனையில் இருந்த குமிழ்மூடிகளை உற்றுப் பார்க்க வேண்டும். இரண்டு விரல் அகலத்துக்குள் பொன்கம்பி இழைத்து, நடுவே மெல்லிய சீவலாக வெட்டிய சிவப்புக் கார்னெட் கல் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லுக்கு அடியிலும் நுண்ணிய கட்டம் பொறித்த பொற்தகடு இருக்கும். கல்லுக்குள் போகிற வெளிச்சம் அதில் பட்டுத் திரும்புவதால், கூடத்து நெருப்பொளியில் கை அசையும்போதெல்லாம் அது கனல்போல் மின்னும். யார் கொடுத்த வாள் என்று எதிரே உட்கார்ந்திருப்பவனுக்குச் சொல்லவே வேண்டாம்.

அவற்றைப் பெயர்த்தெடுத்தது ஏன்? தோற்றவனின் வாளிலிருந்து, அதைக் கொடுத்தவனின் அடையாளத்தைக் கழற்றியிருக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன். அலகை மறுபடி யாருக்காவது கொடுக்கலாம். பொன்னை உருக்கி வேறு வளையம் அடிக்கலாம்.

கொடுப்பதற்குப் பொருள் வேண்டும். அந்த அளவு பொருளை விரைவாகச் சேர்க்க இருந்த வழி, பக்கத்து அரசனைத் தோற்கடித்து அவனிடமிருந்து எடுப்பது அல்லது கப்பம் கட்ட வைப்பது. ஜெயித்தால் பொருள், பொருள் இருந்தால் வீரர், வீரர் இருந்தால் அடுத்த வெற்றி. தோற்றாலும், வயதாகி ஒதுங்கினாலும், கூடம் காலியாகிவிடும். அதனால் அரசன் களத்தில் முன்னால் நின்றாக வேண்டும். நார்தம்ப்ரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏதெல்ஃப்ரித் 616-ல், எட்வின் 633-ல், ஆஸ்வால்ட் 642-ல், எக்ஃப்ரித் 685-ல் களத்தில் செத்தார்கள். ஆஸ்வால்டின் தலையையும் கைகளையும் வெட்டிக் கம்பத்தில் தொங்கவிடச் செய்தவன் மெர்சியாவின் பெண்டா. அடுத்த ஆண்டு ஆஸ்வால்டின் தம்பி ஆஸ்வியு அவற்றை மீட்டுக்கொண்டு போனான். 655-ல் வின்வெட் ஆற்றங்கரையில் பெண்டாவின் முறை வந்தது. அவனோடு வந்த முப்பது தலைவர்களில் பெரும்பாலானோர் அழிந்தார்கள். ஆற்றில் வெள்ளம் புரண்டதால் வாளுக்கு இரையானவர்களைவிட மூழ்கியவர்கள் அதிகம்.

இதே பெண்டா கிழக்கு ஆங்கிலியா மீது படையெடுத்தபோது நடந்த ஒன்றைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. அங்கே சிகெபெர்ட் என்ற அரசன் அதற்கு முன்பே ஆட்சியை உறவினனிடம் விட்டுவிட்டு மடத்தில் சேர்ந்திருந்தான். அவன் முன்னால் நின்றால் வீரர்கள் ஓடமாட்டார்கள் என்று சொல்லி, மறுத்தவனை மடத்திலிருந்து இழுத்து வந்தார்கள். துறவியான பிறகு ஆயுதம் தொடமாட்டேன் என்று வெறும் கோலோடு நின்றான். கொல்லப்பட்டான். அவன் கையில் வாள் இல்லாவிட்டாலும், ஒரு காலத்தில் அவன் கையால் வாங்கியவர்களின் கண்முன் அவன் நின்றாக வேண்டியிருந்தது.

விருந்தாளியைக் காட்டிக்கொடுப்பதும் இதே கணக்கில்தான் வரும். எட்வின் இளைஞனாக நாட்டைவிட்டு ஓடி, கிழக்கு ஆங்கிலிய அரசன் ரேட்வால்டிடம் அடைக்கலம் புகுந்திருந்தான். அவனைக் கொல்லச் சொல்லி ஏதெல்ஃப்ரித் மூன்று முறை தூது அனுப்பினான். பணமும் சொன்னான், போர் என்றும் மிரட்டினான். ரேட்வால்ட் இணங்கியும் விட்டான். அவன் மனைவிதான் தடுத்தாள்: நம்பி வந்தவனைப் பொன்னுக்கு விற்பது பெரிய அரசனுக்கு அழகில்லை, மானம் போய்விடும் என்றாள். நம்பி வந்தவனை விற்கிற கூடத்துக்கு இனி எவன் வருவான் என்பதை அவள் அறிந்திருந்தாள். ரேட்வால்ட் உடனே படை திரட்டி, ஏதெல்ஃப்ரித் முழுப் பலத்தையும் சேர்ப்பதற்கு முன்பே ஐடில் ஆற்றங்கரையில் அவனைக் கொன்றான். தன் மகன் ஒருவனையும் அந்தப் போரில் பறிகொடுத்தான். 1939-ல் சட்டன் ஹூவில், 27 மீட்டர் நீளக் கப்பலோடு மண்மேட்டுக்குள் கண்டெடுக்கப்பட்ட அந்தப் புகழ்பெற்ற புதைப்பு இந்த ரேட்வால்டுடையதாக இருக்கலாம் என்பதே பெரும்பாலோர் கருத்து.

நிதானமாகக் கேட்க வேண்டியது இம்மாவின் கதை. 679-ல் ட்ரென்ட் ஆற்றுப் பக்கம் நார்தம்ப்ரியாவின் எக்ஃப்ரித்தும் மெர்சியாவின் ஏதெல்ரெட்டும் மோதினார்கள். எக்ஃப்ரித்தின் தம்பி எல்ஃப்வைன், பதினெட்டு வயதுப் பிள்ளை, கொல்லப்பட்டான். அவன் சகோதரி ஆஸ்த்ரித் எதிரி அரசன் ஏதெல்ரெட்டின் மனைவி. பகையைத் தணிக்கச் செய்த கல்யாணங்கள் இப்படித்தான் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

எல்ஃப்வைனின் வீரன் இம்மா பிணங்களுக்கு நடுவே ஒரு பகலும் இரவும் கிடந்து, நினைவு திரும்பி, காயத்தைத் தானே கட்டிக்கொண்டு நடந்தான். மெர்சியப் பிரபு ஒருவனின் ஆட்கள் பிடித்தார்கள். அரசனின் வீரன் என்று சொன்னால் உயிர் தப்பாது. “நான் ஏழை உழவன், கல்யாணமானவன், படைக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன்” என்றான். காயத்துக்கு மருந்து போட்டார்கள், ஆறியதும் இரவில் விலங்கு பூட்டினார்கள். பூட்டின விலங்கு கழன்றுகொண்டே இருந்தது. மடாதிபதியான அவன் சகோதரன், இம்மா செத்துவிட்டான் என்று நினைத்து அவனுக்காகத் திருப்பலி நடத்திக்கொண்டிருந்ததுதான் காரணம் என்பது பீட்டின் நம்பிக்கை. அதற்காகத்தான் கதையையே எழுதுகிறார். நமக்கு வேண்டியது அடுத்து நடந்தது. இவன் முகத்தையும் நடையையும் பேச்சையும் கவனித்தவர்கள், இவன் உழவன் இல்லை என்று கண்டுகொண்டார்கள். உண்மையைச் சொன்னால் கெடுதல் செய்யமாட்டேன் என்று பிரபு வாக்குக் கொடுத்தான். இம்மா சொன்னான். அந்தப் போரில் என் சகோதரர்களும் உறவினர்களும் எல்லாரும் மாண்டதால் நீ சாக வேண்டியவன்தான், ஆனாலும் கொடுத்த வாக்கை மீறமாட்டேன் என்றான் பிரபு. லண்டனுக்குக் கொண்டுபோய் ஒரு ஃப்ரீசிய வணிகனிடம் அடிமையாக விற்றான். கென்ட் அரசன் கொடுத்த பணத்தில் இம்மா தன்னை மீட்டுக்கொண்டான்.

உழவன் படைக்குச் சோறு சுமப்பான், அவனைக் கொல்ல வேண்டியதில்லை. அரசனின் வீரன் அகப்பட்டால் பழிக்குப் பழி. இரண்டு உலகமும் ஒரே களத்தில் இருந்தன, வாயைத் திறந்ததும் யார் எந்த உலகம் என்று தெரிந்துவிட்டது. அந்தப் பழி அதோடு பரவாமல் நின்றதற்கும் காரணம் உண்டு. பேராயர் தியோடர் நடுவில் புகுந்து, எல்ஃப்வைனின் உயிருக்கு ஈடாக மெர்சியா பணம் கட்டும்படி செய்தார். உயிருக்கு விலை வைப்பது அவர்களுக்கு வழக்கம்தான்: வெசெக்ஸில் உயர்குடியினனுக்கு 1200 ஷில்லிங், சாதாரண உழவனுக்கு 200. காதுக்குக் கொடூரமாகக் கேட்கும் இந்த விலைதான் இன்னொரு போரைத் தடுத்தது.

பிற்காலத்தில் இந்த ஏற்பாட்டுக்குச் சிக்கல் வந்தது நிலத்தால். வீரனுக்குக் கொடுத்த நிலம் பெரும்பாலும் அவன் ஆயுளோடு அரசனிடம் திரும்பி வரும், அடுத்த இளைஞனுக்குப் போகும். மடங்களுக்கோ அரசர்கள் நிரந்தரமாகச் சாசனம் எழுதிக் கொடுத்தார்கள். அதைப் பார்த்த பிரபுக்கள், பேருக்கு மடம் என்று சொல்லித் தாங்களும் நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டார்கள். 734-ல், சாவதற்கு முந்தின ஆண்டு, யார்க் ஆயர் எக்பெர்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் பீட் கொதிக்கிறார். கொடுக்க நிலம் மிச்சமில்லாததால் பிரபுக்களின் பிள்ளைகளும் பழைய வீரர்களும் கல்யாணம் செய்ய வழியின்றி, காக்க வேண்டிய நாட்டை விட்டுக் கடல்கடந்து போகிறார்கள் என்கிறார். மடமே உலகமாக வாழ்ந்த துறவி, நாட்டைக் காக்க ஆளில்லையே என்று கவலைப்படும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது.

மெர்சிய அரசர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 749-ல் கம்லி என்ற இடத்தில் ஏதெல்பால்ட் மடங்களுக்கு எல்லாப் பணிகளிலிருந்தும் விலக்களித்தபோது, பாலம் கட்டுவதையும் கோட்டை காப்பதையும் மட்டும் விடவில்லை. 792-ல் ஆஃபா கென்ட் மடங்களுக்குக் கொடுத்த சாசனத்தில், கப்பலில் வரும் புறச்சமயத்தாரை எதிர்க்கும் படைப்பணியும் சேர்ந்துகொண்டது. நிலத்தை யார் வைத்திருக்கிறாரோ அவர் ஆள் அனுப்ப வேண்டும். அந்த ஆள் அரசனின் கூடத்தில் உட்கார்ந்து உண்டவனாக இருக்க வேண்டியதில்லை.