உவர்நீரும் மலர்ச்செடிகளும்

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத நிலம் யாழ்ப்பாணக் குடாநாடு. குடிப்பதற்கும் குளிப்பதற்கும் பயிர் வளர்ப்பதற்கும் கிணறே அங்கு கதி. மாரி மழை சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளினூடே இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கிறது. மார்கழியில் இனிக்கும் கிணறு ஆவணியில் நாவிற் கரிப்பதைத் தீவுப்பகுதி மக்களும் கரையோர மக்களும் நன்கறிவர். அக்காலத்தில் முதலில் முகம் வாடுவது முற்றத்து உரோசாச் செடியே.

"தண்ணீர் விட்டும் வாடுகிறதே!" என்று நாம் மேலும் இரண்டு வாளி ஊற்றுகிறோம். செடியோ தாகத்தாற் சாகிறது. மண்ணிலுள்ள நீரில் உப்பு மிகுந்தால் வேர் அந்நீரை எளிதில் உறிஞ்ச முடியாது. ஈரத்தில் நின்றும் வறட்சியை அனுபவிக்கும் அவலநிலை இது. அன்றியும், நீருடன் உட்புகும் சோடியமும் குளோரைட்டும் இலைகளிற் சேர்ந்து, நுனியையும் ஓரத்தையும் கருக்கிவிடுகின்றன.

உப்பு சேரும் வகை

நீர் ஆவியாகிப் போகும்; உப்புப் போகாது. ஒரு லீற்றருக்கு 1 கிராம் உப்புள்ள நீரை நாளொன்றுக்கு அரை லீற்றர் வீதம் ஒரு சாடிக்கு ஊற்றுவதாகக் கொள்வோம். முப்பது நாளில் 15 கிராம், அதாவது ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி உப்பை, நாமே அச்சாடியில் இட்டவராகிறோம். மண்சாடியின் புறத்தே பூக்கும் வெண்படலம் இதற்குச் சாட்சி.

ஆகவே, உவர்நீரைக் கொண்டு செடி வளர்ப்போர் கைக்கொள்ள வேண்டிய முதல் விதி, உப்பு வெளியேற வழி விடுவதாகும். சாடியின் அடியில் துளை அடைபடாதிருக்க வேண்டும். மேலாகத் தெளிப்பதை விடுத்து, அடித்துளையால் நீர் வடியும்வரை நிறைய ஊற்றுக. வடிந்த நீரைத் தட்டிலே தேங்க விடலாகாது. செடி அதனை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். நிலத்துச் செடியாயின், ஓரடி ஆழ மண்ணினூடே ஓரடி உயர நன்னீர் வடிந்து சென்றால், அம்மண்ணின் உப்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கழுவப்பட்டுவிடும். நல்ல வடிகால் இருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழை இப்பணியைச் செலவின்றிச் செய்து தரும்.

இரண்டாவது, மண் காய்ந்துபோக விடாமை. மண் காயக் காய அதிலுள்ள நீரின் உப்புச் செறிவு ஏறும். காலையிலோ மாலையிலோ, இலைகளில் படாமல், வேரடியில் ஊற்றுக. சருகாலோ தும்பாலோ மண்ணை மூடிவைத்தால் ஆவியாதல் குறையும். ஆனால் கடனீரேரியில் ஊறிய தும்பை நன்கு அலசாமல் இடலாகாது. அதுவே உப்பைக் கொணரும்.

மூன்றாவது, பசளையில் நிதானம். செயற்கைப் பசளைகளும் உப்புகளே. வாடிய செடிக்கு அவற்றை அள்ளி இடுவது புண்ணிலே புளி பூசுவது போன்றது. நன்கு மக்கிய மாட்டெருவை அளவோடு இடுவது நலம்.

விதைகளும் இளங்கன்றுகளும் உப்பை மிகக் குறைவாகவே தாங்கும். பீலியால் வழியும் மழைநீரைத் தொட்டியிற் சேமித்து அவற்றுக்கென ஒதுக்குக. நீரைக் கொதிக்கவைத்தால் உப்பு நீங்கும் என்று எண்ணுவது தவறு. நீர் குறைந்து கரிப்பு மிகும்.

எச்செடி ஏற்றது?

உரோசாவும் ஓர்க்கிட்டும் உப்புக்கு அஞ்சும் இனங்கள். செவ்வரத்தை ஓரளவே தாங்கும். போகன்வில்லா, செவ்வலரி, நித்தியகல்யாணி, பத்துமணிப்பூ ஆகியவை கடற்காற்றிலும் முகமலர்ந்து நிற்பவை. எனினும் அலரியின் எல்லாப் பாகமும் நஞ்சாதலின், சிறுவர் நடமாடும் முற்றத்திற்கு அது உகந்ததன்று. நீர் மிகவும் உவர்த்துவிட்டால் எம்முறையும் பயன் தராது என்பதையும் மறத்தலாகாது.

செடி சொல்லும் செய்தி

இறுதியாக ஒன்று. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது நூறாண்டுக்கு முன்னரே ஐரோப்பிய அறிஞர் இருவர் தனித்தனியே கண்ட கணக்கு. அதன்படி, நீர்மட்டம் ஓரடி தாழ்ந்து அந்நிலையிலேயே நீடித்தால், அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலெழக்கூடும். துலாவால் இறைத்த நாளில் கையின் களைப்பே அளவு காட்டிற்று. மின்சார இயந்திரத்துக்கோ களைப்பில்லை.

ஆதலால் உரோசா இலையின் ஓரம் கருகக் கண்டால், செடியை மட்டும் பார்த்து இரங்காதீர்கள். கிணற்றையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். இன்று செடிக்கு ஒவ்வாத நீர், நாளை நம் குழந்தைகளின் குவளைக்கும் ஒவ்வாததாகலாம். அளவோடு இறைப்போம், மாரி மழையை வளவிலேயே தேக்கி நிலத்துள் இறக்குவோம். முற்றத்து மலரும் வாழும். கிணற்று நீரும் இனிக்கும்.