வீச்சுக்கு ஒரு விலை

வீடியோ கேமில் சண்டையை ஒரு மொழி என்று கொண்டால், அதன் இலக்கணம் காலம். பட்டனை அமுக்குவதற்கும் பாத்திரத்தின் உடல் அசைவதற்கும் இடைப்பட்ட கணம் எப்படிக் கையாளப்படுகிறது என்பதே இங்கு கேள்வி.

ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் 2011இல் வெளியிட்ட ‘டார்க் சோல்ஸ்’ என்னும் ஆக்‌ஷன் ஆர்பிஜியில் வாளை ஓங்கினால் ஓங்கியதுதான். ஒவ்வொரு வீச்சுக்கும் தெம்பு குறைகிறது. திரையில் பச்சைக் கோடு சுருங்குவதைப் பார்க்கலாம். அடி விழுந்தால் ‘அவசரப்பட்டுட்டோம்’ என்று நமக்கே புரிந்துவிடுகிறது. தாமதத்துக்கு அங்கே ஓர் அர்த்தம் இருக்கிறது.

புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020இல் கொண்டுவந்த ‘ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்’ முழு ஆர்பிஜி அல்ல, சண்டையில் அதற்கு நெருங்கிய உறவு. ராஜி, வித்தை காட்டிப் பிழைக்கும் பெண். தம்பியை அசுரர்கள் தூக்கிப்போக, தேடிப் புறப்படுகிறாள். தூணைப் பற்றிச் சுழன்று அடிப்பதும் சுவரேறிப் பாய்வதும் அவள் தொழிலிலிருந்தே வருகின்றன. சூலம் துர்க்கை தந்தது, உடல் அவளுடையது. இந்த விளையாட்டின் பெரிய பலம் இதுதான்.

குறையும் அதே இடத்தில்தான். வீசத் தொடங்கியபின் விலக நினைத்தால் உடல் சட்டென்று கேட்பதில்லை. நாம அமுக்கியாச்சு, அவ நகரல. ‘டார்க் சோல்ஸ்’ போல அந்தத் தாமதத்துக்குப் பின்னால் தெம்புக் கணக்கு எதுவும் கிடையாது. வித்தைக்காரியின் உடல் அவளுக்கே கட்டுப்படாதபோது, கதை சொன்னதைச் சண்டை மறுத்துவிடுகிறது.

‘நம்ம ஊர்ப் புராணம், நம்ம ஊர் கேம்’ என்று தட்டிக்கொடுத்து நகர்வது விமரிசனம் ஆகாது. ராஜியின் உடலுக்கு நியாயம் கேட்பதே அவளுக்குச் செய்யும் மரியாதை.