மலையாற்றில் வெள்ளம் எவ்வளவு வரும்?

போன மே லீவில் குடும்பத்தோடு குற்றாலம் போயிருந்தோம். நல்ல வெயில். அருவியில் குளித்துக்கொண்டிருந்தபோது போலீஸ்காரர் விசில் ஊதி எல்லாரையும் வெளியே வரச் சொன்னார். "மழையே இல்லியே சார், இன்னும் அஞ்சே நிமிஷம்" என்றேன். அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு ஒரே கோபம்.

அப்புறம்தான் அப்பா சொன்னார். 2024 மே 17-இல் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனானாம். நம்ம பிளஸ் டூ அண்ணன்கள் வயசு! மழை நம்ம தலைமேல் பெய்ய வேண்டியதில்லை, மேலே மலையில் பெய்தாலே போதும்.

அப்படியானால் எவ்வளவு தண்ணீர் வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியாதா? முடியும்.

1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 125 சதுர கி.மீ. மலையில் 50 மி.மீ. பெய்தால்? 625 கோடி லிட்டர்! கொஞ்சம் மண்ணுக்குள் போகும். மீதி ஆற்றுக்கு வரும். நம்ம ராயப்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் தேங்கும் மழைத்தண்ணி மெதுவாகத்தான் வடியும், ஏன்னா தரை சமம். மலையில் சரிவு அதிகம், அதனால் எல்லாம் சீக்கிரமே ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

1884-இல் ரைவ்ஸ் என்பவர் நம்ம தமிழ்நாட்டுப் பகுதிக்காகவே ஒரு சூத்திரம் கொடுத்தார். மழைநீர் வந்து சேரும் பரப்பை (சதுர கி.மீ.) எடுத்து, அதன் கனமூலத்தை வர்க்கப்படுத்தி, ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையிலிருந்து 80 கி.மீ.க்குள் என்றால் 6.8. மலையடிவாரம் என்றால் 10.2.

பரப்பு 125 என்றால் கனமூலம் 5, வர்க்கம் 25. கடற்கரைப் பக்கம் நொடிக்கு 170 கன மீட்டர், மலையடிவாரத்தில் 255 கன மீட்டர். அதாவது ஒவ்வொரு நொடியும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி 21!

பரப்பு 8 மடங்காகி 1,000 ஆனால் வெள்ளம் 4 மடங்குதான் ஆகும். ஏன் 8 மடங்கு ஆகவில்லை? பெரிய பரப்பில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கனமழை பெய்யாது, தூரத்துத் தண்ணீர் வந்து சேரவும் நேரமாகும்.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? இந்தக் கணக்கில் மழையே இல்லை! 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அதை வெறும் பரப்பு எப்படிச் சொல்லும்? அதனால் 1932-இல் ஷெர்மன் என்ற அமெரிக்கர் வேறு வழி சொன்னார். ஒரு குறிப்பிட்ட நேரம் பெய்த மழையில் 1 செ.மீ. மட்டும் ஓடிவந்தால் ஆறு எந்த மணியில் எவ்வளவு ஏறும், இறங்கும் என்று முதலில் வரைபடம் போட வேண்டும். 5 செ.மீ. ஓடிவந்தால் அதை 5 மடங்காக்கிக்கொள்ளலாம். இதற்கு மலைமேல் மழைமானிகள் வேண்டும். கீழே விசில் ஊதுவதற்கு மேலே அளந்த மழைதான் கைகொடுக்கும்.

அதனால் நண்பர்களே, அருவித் தண்ணீர் கலங்கினாலோ, இலையும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தாலோ விசிலுக்குக்கூடக் காத்திருக்காதீர்கள். உடனே வெளியே வந்துவிடுங்கள். "இன்னும் அஞ்சே நிமிஷம்" என்று நான் இனிமேல் கேட்க மாட்டேன்!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்