வராதவர்களுக்கும் ஒரு பங்கு

(வானொலி மறையுரை)



நமது பங்கின் வாரம் எந்த நாளில் தொடங்குகிறது? பள்ளிக்கூடமும் அலுவலகமும் திங்களன்று திறப்பதால், திங்கள்தான் முதல் நாள் என்றும் ஞாயிறு வாரக் கடைசி என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். திருச்சபையின் கணக்கு வேறு. ஆண்டவர் உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாளில் என்று நற்செய்தியாளர் நால்வரும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே ஞாயிறுதான் முதல் நாள். ஆறு நாள் உழைத்துக் களைத்தவர்கள் வந்து இளைப்பாறும் நாள் அது என்பது உண்மை. ஆனால் வரப்போகும் ஆறு நாள்களும் புறப்படும் வாசலும் அதுவே. திருவழிபாடு திருச்சபை வாழ்வின் சிகரம், அதன் ஊற்றும் அதுவே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டு வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில் கற்பிக்கிறது. ஊற்று என்றால் தண்ணீர் அங்கிருந்து எங்கேயாவது ஓட வேண்டும். நமது ஞாயிறு எங்கே ஓடுகிறது? இன்று இதைச் சிந்திப்போம்.

பங்கு என்னும் சொல்

‘பங்கு’ என்னும் சொல்லிலிருந்தே தொடங்கலாம். தமிழில் பங்கு என்றால் பாகம். சொத்தில் பங்கு, பந்தியில் பங்கு, துயரத்தில் பங்கு என்கிறோம். கிரேக்க மொழியில் இதற்கு வழங்கிய சொல் ‘பரோய்கியா’. சொந்த ஊர் அல்லாத இடத்தில் அந்நியராய்த் தங்கி வாழ்வது என்பது அதன் பொருள். நாம் எல்லாருமே இங்கு வழிப்போக்கர்கள் என்று அந்தச் சொல் சொல்கிறது. வழிப்போக்கர் ஒவ்வொருவருக்கும் ஒரு பாகம் உண்டு என்று நம் தமிழ்ச்சொல் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பங்கு என்பது என்னவென்று விளங்கும்.

திருச்சபைச் சட்டமும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. பொதுவாக ஒரு பங்கு என்பது குறிப்பிட்ட எல்லைக்குள் வாழும் கிறிஸ்தவ மக்கள் அனைவரையும் உள்ளடக்கியது (சட்டம் 518). திருப்பலிக்கு வருகிறவர்கள் மட்டும் என்றோ, சந்தா கட்டியவர்கள் மட்டும் என்றோ அது சொல்லவில்லை. இன்னொரு சட்டத்தை நம்மில் பலர் அறிந்திருக்கமாட்டோம். ஒவ்வொரு ஞாயிறும், கடன் திருநாள்களிலும், பங்குத்தந்தை தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட மக்களுக்காக ஒரு திருப்பலி ஒப்புக்கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறார் (சட்டம் 534). அந்தத் திருப்பலிக்குக் கருத்துக் காணிக்கை கிடையாது. பெயர்ப் பட்டியலும் கிடையாது. கடைசி வரிசையில் நிற்பவர், வாசலோடு திரும்பியவர், பல ஆண்டுகளாகக் கோவில் பக்கமே வராதவர் என எல்லாருக்காகவும் அது ஒப்புக்கொடுக்கப்படுகிறது. வராதவருக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

1800 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு ஞாயிறு

இது இன்று நேற்று வந்த எண்ணம் அல்ல. ஏறக்குறைய 155-ஆம் ஆண்டில் உரோமை நகரில் வாழ்ந்த புனித ஜஸ்டின், கிறிஸ்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை உரோமைப் பேரரசருக்கு விளக்கி ஒரு மடல் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை நகரத்திலும் நாட்டுப்புறத்திலும் வாழ்கிறவர்கள் ஓரிடத்தில் கூடுகிறார்கள். திருத்தூதர்களின் நினைவுக் குறிப்புகளோ இறைவாக்கினரின் நூல்களோ நேரம் இடம் கொடுக்கும் வரை வாசிக்கப்படுகின்றன. தலைமை ஏற்பவர் அறிவுரை கூறுகிறார். எல்லாரும் எழுந்து மன்றாடுகிறார்கள். அப்பமும் இரசமும் தண்ணீரும் கொண்டுவரப்படுகின்றன. நன்றி மன்றாட்டு முடிந்ததும் மக்கள் ‘ஆமென்’ என்கிறார்கள். நாம் இன்று செய்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

நாம் கவனிக்க வேண்டியது அடுத்து வரும் இரண்டு செய்திகளை. ஒன்று, அன்று வர இயலாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையைக் கொண்டுபோகிறார்கள். இரண்டு, வசதி உள்ளவர்கள் விரும்பியதைக் காணிக்கையாகத் தருகிறார்கள். அதைக்கொண்டு அனாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் ஆகியோர் பராமரிக்கப்படுகிறார்கள். ‘ஆமென்’ சொன்னதோடு அந்த ஞாயிறு முடிந்துவிடவில்லை. வராதவரின் வீட்டுக் கதவு வரை சென்றது. சில ஆண்டுகளுக்குப் பிறகு ஜஸ்டின் இதே நம்பிக்கைக்காகத் தலைவெட்டப்பட்டு மறைச்சாட்சியானார்.

இதைக் கேட்டு, வராமல் இருந்தாலும் பரவாயில்லை போலிருக்கிறது என்று யாரும் எண்ண வேண்டாம். 304-ஆம் ஆண்டு, தியோக்கிளேசியன் பேரரசரின் தடையை மீறி ஞாயிறு வழிபாட்டுக்குக் கூடியதற்காக வட ஆப்பிரிக்காவின் அபித்தினா நகரைச் சேர்ந்த 49 பேர் கைதானார்கள். ஆண்டவரின் நாள் வழிபாடு இன்றித் தங்களால் இருக்க இயலாது என்பதே விசாரணையில் அவர்கள் தந்த பதில். வர முடிந்தும் வராமல் இருப்பது ஒன்று. வர முடியாமல் இருப்பது வேறு. முதலாமவரை அழைக்க வேண்டும். இரண்டாமவரிடம் நாம்தான் போக வேண்டும்.

திங்கள் முதல் சனி வரை

நமது பங்குகளில் வாரம் முழுவதும் ஏதாவது நடந்துகொண்டுதான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை புனித அந்தோனியார் நவநாள். அவர் 1231-ஆம் ஆண்டு பதுவை நகரில் அடக்கம் செய்யப்பட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. ஆகவேதான் அந்த நாள் அவருக்கு உரியதாயிற்று. புதன்கிழமை இடைவிடா சகாய அன்னை நவநாள், முதல் வெள்ளி திருஇருதய ஆண்டவர் பக்தி, சனிக்கிழமை மாதா வணக்கம், ஒப்புரவு அருளடையாளம், மறுநாளுக்காகப் பாடகர் குழுவின் பயிற்சி, பீடம் அலங்கரித்தல். இவையெல்லாம் நல்லவை. ஆனால் இவற்றை ஞாயிறோடு கோத்துப் பார்க்காவிட்டால், உதிரிப் பூக்களாகக் கிடக்கும். அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டு ஏழைகளுக்கு அப்பம் கொடுப்பதும் அசனம் போடுவதும் இந்தக் கோர்வையைத்தான் காட்டுகின்றன. நவநாளில் கையேந்திய நாமே, வெளியே வந்து கை கொடுக்கிறோம்.

மரியாயின் சேனையை எடுத்துக்கொள்வோம். 1921 செப்டம்பர் 7 அன்று அயர்லாந்தின் டப்ளின் நகரில், பிராங்க் டஃப் என்னும் பொதுநிலையினரும் சில பெண்களும் மாதா சுரூபத்தைச் சுற்றிக் கூடினார்கள். செபித்தார்கள். அடுத்து என்ன செய்வது என்று பேசி, ஏழை நோயாளிகள் கிடந்த மருத்துவமனைக்கு இருவர் இருவராகச் சென்றார்கள். இன்றும் சேனையின் ஒழுங்கு அதுதான். வாரம் ஒரு கூட்டம், இருவர் சேர்ந்து ஒரு பணி, அடுத்த வாரம் அதைப் பற்றிய அறிக்கை. செபமாலை சொல்லிக் கலைவது மட்டும் சேனையின் வேலை அல்ல.

வின்சென்ட் தே பவுல் சபையும் அப்படியே. 1833-இல் பாரிஸ் நகரில் பிரெடெரிக் ஓசானாம் தம் நண்பர்களோடு அதைத் தொடங்கியபோது அவருக்கு வயது 20. திருச்சபை ஏழைகளுக்கு இப்போது என்ன செய்கிறது என்று உடன் படித்த மாணவர்கள் கேட்டதற்கு, வாதத்தால் அல்ல, ஏழைகளின் வீட்டுக்குப் போவதால் அவர் பதில் சொன்னார். அந்த வீடுகளுக்கு வழிகாட்டியவர் ரோசாலி ரெண்டு என்னும் அருள்சகோதரி. இச்சபையின் கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார் என்பது யாருக்கும் தெரியாது. யாருக்குப் போனது என்பதையும் சபையார் ஊரறியச் சொல்வதில்லை. வாங்குகிறவரின் மானமும் காக்கப்பட வேண்டும் அல்லவா?

அடுத்து அன்பியம். 25, 30 குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி இறைவார்த்தையைப் பகிர்கிறார்கள். நாம் பின்பற்றும் ஏழு படி முறை தென்னாப்பிரிக்காவின் லூம்கோ மறைப்பணி நிலையத்தில் உருவானது. ஆண்டவரை அழைக்கிறோம், வாசிக்கிறோம், மனத்தைத் தொட்ட சொல்லைத் திரும்பச் சொல்கிறோம், அமைதி காக்கிறோம், பகிர்கிறோம், செய்ய வேண்டிய பணியைத் தீர்மானிக்கிறோம், மன்றாடி முடிக்கிறோம். பல அன்பியங்களில் ஆறாவது படி சத்தமில்லாமல் விழுந்துவிடுகிறது. பகிர்வு முடிந்ததும் தேநீர் வந்துவிடுகிறது. ஆனால் ‘இந்தத் தெருவில் யார் வரவில்லை, ஏன் வரவில்லை’ என்று கேட்க வேண்டிய இடம் அந்த ஆறாவது படிதான். அன்பியம் தெருவாரியாக அமைக்கப்படுவதன் காரணத்தையும் நினைவில் வைப்போம். சாதி பார்த்தோ சொந்தம் பார்த்தோ அல்ல, அடுத்தடுத்த வீடு என்பதற்காகவே நாம் அங்கு ஒன்றாக அமர்கிறோம். ஒரு வீட்டில் கூட்டம் வைத்தால் மட்டும் சிலர் வருவதில்லை என்றால், அந்த அன்பியம் தன் பெயருக்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நோயுற்றோரும் நாமும்

வராதவர்களில் முதலிடம் நோயாளிகளுக்கும் முதியோருக்கும் உரியது. அவர்களைப் பற்றிச் சில காரியங்களைத் தெளிவாக அறிந்துகொள்வோம்.

முதலாவது, நற்கருணை. 1973-ஆம் ஆண்டிலிருந்து, தகுந்த பயிற்சி பெற்று நியமிக்கப்பட்ட பொதுநிலையினரும் நற்கருணையைக் கொண்டுபோகத் திருச்சபை வழிசெய்திருக்கிறது. ஆகவே மாதம் ஒருமுறை முதல் வெள்ளிக்காகத்தான் காத்திருக்க வேண்டும் என்பதில்லை. ஞாயிறு பீடத்திலிருந்தே அன்றே ஒரு வீட்டுக்கு நற்கருணை செல்ல முடியும். வீட்டில் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஒரு சிறு மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், மெழுகுவர்த்தி, ஒரு குவளைத் தண்ணீர் போதும். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு வீட்டார் எல்லாரும் உடனிருந்தால் அதுவே சிறந்த ஏற்பாடு. இன்னொன்று: நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும் என்னும் ஒழுங்கு, முதியோரையும் நோயாளிகளையும் அவர்களைக் கவனித்துக்கொள்வோரையும் கட்டுப்படுத்தாது (சட்டம் 919). மாத்திரைக்காகச் சாப்பிட்டுவிட்டேனே என்று எந்தத் தாயும் நற்கருணையை மறுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, நோயில் பூசுதல். ‘அவஸ்தைப் பூசுதல்’ என்னும் பழைய பெயர் இன்னும் நம் மனத்தை விட்டு அகலவில்லை. சாமியார் எண்ணெயோடு வந்தால் முடிவு வந்துவிட்டது என்று பொருள் என அஞ்சுகிறோம். அதனால் நோயாளிக்கு நினைவு தப்பிய பிறகே குருக்களாகிய எங்களை அழைக்கிறார்கள். இது சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டுமான அருளடையாளம் அல்ல என்று சங்கம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கடும் நோயினாலோ முதுமையினாலோ ஆபத்து தொடங்கும்போதே பெறலாம். பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன் பெறலாம். குணமடைந்து மீண்டும் நோயுற்றால், அல்லது நோய் கடுமையானால், திரும்பவும் பெறலாம். நோயாளி தாமே ‘ஆமென்’ சொல்லும் நிலையில் இருக்கும்போது அழையுங்கள். தந்தையின் கடைசி மணி நேரத்தில் கோவிலுக்கு ஓடிவரும் மகனுக்கு, அந்த அமைதியான ‘ஆமெனை’க் கேட்கும் ஆறுதல் கிடைக்காமல் போய்விடுகிறது.

வேறு காரணங்களால் வராதவர்களும் உண்டு. ஞாயிறும் வேலைக்குப் போக வேண்டிய ஓட்டல் தொழிலாளிகளும் காவலாளிகளும் செவிலியர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சனி மாலைத் திருப்பலி இருக்கிறது என்பதை யாராவது சொல்ல வேண்டும். கட்டட வேலைக்காகச் சார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்திருக்கும் கத்தோலிக்கர்கள், மொழி தெரியாமல் பின்வாசலில் நின்றுவிட்டுப் போகிறார்கள். ஜஸ்டின் எழுதிய ‘வந்து தங்கியிருப்பவர்கள்’ இவர்களே. கடன் தொல்லையால் ஆள் முகத்தில் விழிக்கக் கூசுகிறவர்கள், திருமணச் சிக்கலால் இனி நமக்கு இடமில்லை என்று தாங்களே முடிவு செய்துகொண்டவர்கள், கோவிலில் யாரோ சொன்ன ஒரு சொல்லால் காயப்பட்டவர்கள் எனப் பலர் இருக்கிறார்கள். இவர்களிடம் ‘ஏன் வரவில்லை’ என்று அதட்டிக் கேட்க வேண்டாம். ‘உங்களைக் காணோமே என்று தேடினோம்’ என்று சொன்னால் போதும்.

ஆகவே அன்புக்குரியவர்களே, இந்த வாரம் மூன்று காரியங்கள் செய்வோம். உங்கள் தெருவில் படுக்கையில் இருப்பவரின் பெயரை அன்பியப் பொறுப்பாளரிடமோ பங்கு அலுவலகத்திலோ சொல்லுங்கள். சொல்லாமல் எங்களுக்குத் தெரியாது. வரும் ஞாயிறு வழக்கமாக உங்கள் பக்கத்தில் அமர்பவர் வரவில்லை என்றால், மாலைக்குள் அவர் வீட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள். மூன்றாவதாக, அன்பியக் கூட்டத்தில் ஆறாவது படியை விடாதீர்கள்.

படுக்கையிலிருந்தோ சாய்வு நாற்காலியிலிருந்தோ இந்த வானொலி வழியாக எம்மைக் கேட்டுக்கொண்டிருக்கும் அம்மா, ஐயா, உங்களுக்கும் ஒரு சொல். எல்லாருக்கும் தொல்லையாக இருக்கிறோமே என்று எண்ணாதீர்கள். நீங்கள் நம் பங்கின் ஓரத்தில் இல்லை. உங்கள் வலியை ஆண்டவரின் பாடுகளோடு சேர்த்து நமக்காக ஒப்புக்கொடுக்கும்போது, பீடத்தின் அருகிலேயே இருக்கிறீர்கள். நற்கருணை வேண்டுமென்று தயங்காமல் சொல்லி அனுப்புங்கள். ஆண்டவர் உங்கள் வீட்டுக்கு வருவார். அவரோடு நாங்களும் வருவோம்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார், உங்களையும் உங்கள் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.