மூளைப் புற்றுநோய்: யார் மேல தப்பு?

இந்த எபிசோடுக்குக் காரணம் ஆனைக்குட்டத்துல இருக்கிற எங்க பெரியம்மா. பெரியப்பாவோட பயாப்ஸி ரிப்போர்ட்ல கிளியோபிளாஸ்டோமான்னு வந்தது. அது மூளையில வர்ற மோசமான புற்று. பெரியம்மா என்கிட்ட கேட்டது ரெண்டே கேள்வி. "பட்டாசு ஆபீஸ்ல மருந்துக்குள்ளயே கெடந்ததால வந்துச்சா? நான்தானப்பா அந்த வேலைக்குப் போகச் சொன்னேன். பிள்ளைகளுக்கும் வருமா?"

முதல்ல, இது எப்படி ஆரம்பிக்குதுன்னு பார்ப்போம். ஒரு செல் ரெண்டாகப் பிரியும் முன்னாடி, அதுக்குள்ள இருக்கிற கோடிக்கணக்கான டிஎன்ஏ எழுத்துகளை நகல் எடுக்கணும். அதுல சில எழுத்துப்பிழைகள் தப்பிடும். பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா பிழை சில முக்கியமான ஜீன்கள்ல விழுந்தா சிக்கல்தான். 'வளரு'ங்கிற உத்தரவை வாங்குற ஈஜிஎஃப்ஆர் ஜீன் பல மடங்கு பெருகும். பிரேக் மாதிரி இருக்கிற பிடென் ஜீன் பழுதாகும். இப்படிப் பல பிழைகள் வருஷக்கணக்கில் ஒரே செல் வம்சத்துல சேரும்போதுதான் புற்று.

2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஐடிஹெச்1 என்ற ஜீனில் இன்னொரு பிழையைக் கண்டுபிடிச்சாங்க. அந்தப் பிழையால் உருவாகும் ஒரு வேதிப்பொருள், ஜீன்களை ஆன், ஆஃப் செய்யும் ஏற்பாட்டையே குழப்பிடும். செல் முதிராமல் பிரிஞ்சுகிட்டே இருக்கும். ஆனா இந்தப் பிழை இருக்கிற கட்டிகள் பொதுவா மெதுவாத்தான் வளரும். அதனால 2021 முதல் உலக சுகாதார நிறுவனம், பெரியவங்களுக்கு வர்ற கட்டியில ஐடிஹெச் பிழை இருந்தா அதைக் கிளியோபிளாஸ்டோமான்னு சொல்றதில்லை. மைக்ராஸ்கோப்புல ஒரே மாதிரி தெரிஞ்சாலும் பேரே வேற.

நம்ம பக்கத்துலயும் வேலை நடக்குது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் குமரவேல் சோமசுந்தரம் குழு, நிம்ஹான்ஸ் மருத்துவர்களோடு சேர்ந்து கிளியோபிளாஸ்டோமா ஜீன்களைப் பல வருஷமா ஆராயுது.

இப்போ பெரியம்மாவுக்குப் பதில். இந்தப் புற்றுக்கு உறுதியா நிரூபிக்கப்பட்ட வெளிக்காரணம், தலையில் படும் அதிகக் கதிர்வீச்சு. பட்டாசு மருந்து காரணம்னு நிரூபணம் இல்லை. அதுக்காக அந்தத் தூசி நல்லதுன்னு அர்த்தமில்லை, நுரையீரலுக்குக் கெடுதல்தான். பிழைகள் பெரும்பாலும் கட்டி செல்லுக்குள்ளயே உருவாகுறவை, பிள்ளைகளுக்குப் போகாது. லி-ஃப்ராமெனி மாதிரி அரிதான பரம்பரைக் கோளாறுகள் மட்டும் விதிவிலக்கு. வீட்டுல பலருக்குச் சின்ன வயசுலேயே புற்று வந்திருந்தா மரபணு ஆலோசனை கேளுங்க.

உங்க வீட்டுல யாருக்காவது இந்த ரிப்போர்ட் வந்தா, "ஐடிஹெச், எம்ஜிஎம்டி டெஸ்ட் பாத்தாச்சா?"ன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. டெமோசோலோமைட் மாத்திரை எவ்வளவு வேலை செய்யும்னு கணிக்க எம்ஜிஎம்டி உதவும்.

எல்லாத்தையும் கேட்டுட்டு பெரியம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அப்ப நான் அனுப்புனதால இல்லையா?"ன்னு மறுபடி கேட்டாங்க. இல்லை பெரியம்மா.