ஓயாத மின்விசிறி

கடந்த மாதம் ஒரு வாரம் முழுக்க என் மடிக்கணினியின் மின்விசிறி இரைந்துகொண்டே இருந்தது. ஷா ஆலம் வெயிலின் வேலை என்று நினைத்தேன். ஏர்கோன் அறையில் வைத்தும் சத்தம் அடங்கவில்லை. மூன்று மணி நேரம் தாங்கிய பேட்டரி ஒரு மணி நேரத்தில் தீர்ந்தது.

“அஞ்சு வருஷ லேப்டாப் அண்ணே, புதுசு வாங்கிடுங்க” என்றார் பழுது பார்க்கும் கடைத் தம்பி. லோயாட் பிளாசாவில் விலை கேட்டேன். என் வேலைக்குத் தோதானவை 3,000 வெள்ளிக்கு மேல். மகளைக் கல்லூரியில் சேர்க்கும் நேரத்தில் அது சின்னத் தொகை இல்லை.

வாங்குவதற்கு முன் ஒன்று செய்து பார்த்தேன். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘சிபியு’ என்ற தலைப்பைச் சொடுக்கினால், புராசஸரை அதிகம் வாட்டும் நிரல் முதலில் வந்து நிற்கும். அங்கே நின்றது, அன்று நான் திறக்கவே திறக்காத மின்னஞ்சல் செயலியின் பின்னணிச் சேவை!

இந்தச் சேவைக்கு இரண்டு வேலைகள். ஒன்று, சர்வரில் புதிய அஞ்சல் வந்திருக்கிறதா என்று பார்ப்பது. இன்னொன்று, நாம் தேடியதும் கிடைக்க, ஒவ்வோர் அஞ்சலையும் வாசித்துச் சொல் அட்டவணை தயாரிப்பது. பழுதான ஓர் அஞ்சலில் தடுக்கினால், சில சேவைகள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிவிடும். லினக்ஸில் கேமெயிலுக்குப் பின்னால் இயங்கும் ‘அகோனாடி’ சேவையைப் பற்றியும் பயனர்கள் இப்படிக் குறைப்பட்டது உண்டு.

“கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்துவிடு” என்றார் நண்பர் ஒருவர். சுட்டியை அழுத்தப் போன என் கை நின்றது. காலமான அப்பா எனக்கு எழுதிய அஞ்சல்கள் அதில்தான் இருந்தன.

இங்கேதான் கவனம் வேண்டும். 1986இல் மார்க் கிரிஸ்பின் உருவாக்கிய ஐமேப் முறையில் அஞ்சல்கள் சர்வரிலேயே இருக்கும். கணினியில் இருப்பது பிரதி. நீக்கிச் சேர்த்தால் திரும்ப வந்துவிடும். பழைய பாப் முறையில் இறக்கியவையும், கணினிக் கோப்புறைக்கு நாமே நகர்த்தியவையும் அப்படியல்ல. போனால் போனதுதான். அப்பாவின் அஞ்சல்கள் பாப் காலத்தில் இறக்கியவை. சர்வரில் ஒன்றுகூட இல்லை.

முதலில் செயலியை மூடி, அஞ்சல் கோப்புகள் அனைத்தையும் வெளி வட்டில் நகலெடுத்தேன். அங்கே அவை திறக்கின்றனவா என்றும் பார்த்தேன். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றிருந்த சோதனையை முப்பது நிமிடமாக்கினேன். பல ஆண்டு அஞ்சலுக்குப் பதில் கடைசி மூன்று மாதத்தை மட்டும் இறக்கச் சொன்னேன். செயலியின் கீழ்ப்பட்டையில் திரும்பத் திரும்ப ஒரே கோப்புறையின் பெயர் வந்தது. கடைகளின் விளம்பர அஞ்சல்கள் குவிந்த கோப்புறை. அதைக் காலி செய்தேன். கடைசியாகத் தேடல் அட்டவணையைப் புதிதாக உருவாக்கச் சொல்லி, மின்இணைப்போடு இரவு முழுக்க விட்டுவிட்டேன். அன்றிரவு மட்டும் விசிறி இரையும், பயப்பட வேண்டாம்.

காலையில் சத்தமில்லை. 70 விழுக்காட்டுக்கு மேல் இருந்த சிபியு, 5 விழுக்காட்டுக்குள் அடங்கியிருந்தது.

எல்லா இரைச்சலுக்கும் அஞ்சல்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். விசிறியில் தூசி அடைத்திருக்கலாம், தீநிரல் புகுந்திருக்கலாம். ஆனால் எது வாட்டுகிறது என்று பார்க்க ஒரு நிமிடம் போதும், காசும் வேண்டாம்.

அப்பாவின் அஞ்சல்கள் இப்போது இரண்டு இடங்களில் இருக்கின்றன. ஒரு வட்டு என்னிடம், இன்னொன்று கிள்ளானில் தங்கை வீட்டில்.