படத்தில் தெரியாத நெஞ்சு வலி

நமது இதயம் ஒரு கைப்பிடி அளவுதான் இருக்கும். அது ஒரு நாளில் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்புகிறது. நாம் தூங்கினாலும் அது தூங்குவதில்லை.

ஓயாமல் உழைக்கும் இதயத்திற்கும் உணவு வேண்டும். காற்று வேண்டும். இதயத் தசைக்கு இவற்றைக் கொண்டு போவதும் இரத்தம்தான். இதற்கென்று தனி இரத்தக்குழாய்கள் இருக்கின்றன. அவை இதயத்தின் மேலே படர்ந்து, உள்ளே கிளை கிளையாகப் பிரிகின்றன.

இதயத் தசைக்கு இரத்தம் போதாமல் போனால் நெஞ்சு வலிக்கும். சிலருக்கு வலி இருக்காது. நெஞ்சை அழுத்துவது போல இருக்கும். மூச்சு வாங்கும். தாடை, தோள், இடது கை, முதுகு என்று வலி பரவும். இந்த வலிக்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் ஆஞ்சைனா.

வாய்க்காலும் கடைமடையும்

பாசன வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். பெரிய வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடுகிறது. எங்கும் உடைப்பு இல்லை. அடைப்பும் இல்லை. ஆனால் கடைமடை வயலில் பயிர் வாடுகிறது. ஏன்? வயலுக்குப் போகும் சிறு கால்கள் தூர்ந்து கிடக்கின்றன. மடை சரியாகத் திறக்கவில்லை.

இதயத்திலும் இப்படி நடக்கும். இதயத்தின் பெரிய இரத்தக்குழாய்கள் 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். அதிலிருந்து பிரியும் நுண்குழாய்கள் அரை மில்லிமீட்டரை விடவும் சிறியவை. நூலை விட மெல்லியவையும் உண்டு.

நாம் மாடிப்படி ஏறும்போது இதயம் வேகமாகத் துடிக்கிறது. அப்போது நுண்குழாய்கள் விரிந்து கொடுக்கும். இதயத் தசைக்குப் போகும் இரத்தம் பல மடங்கு கூடும். சிலருக்கு இந்த நுண்குழாய்கள் விரிவதில்லை. சிலருக்கு விரிவதற்குப் பதிலாகச் சுருங்கிவிடுகின்றன. இதயத் தசை பட்டினி கிடக்கிறது. வலி வருகிறது. இதுதான் நுண்குழாய் நெஞ்சுவலி. மைக்ரோவாஸ்குலர் ஆஞ்சைனா என்று டாக்டர் சீட்டில் எழுதுவார்.

இந்த நோய் ஆண்களுக்கும் வரும். பெண்களுக்கு அதிகம் வருகிறது. மாதவிலக்கு நிற்கும் வயதிலும் அதற்குப் பிறகும் கூடுதலாக வருகிறது. சர்க்கரை நோய், இரத்தக்கொதிப்பு, புகையிலை ஆகியவை நுண்குழாய்களைக் கெடுக்கின்றன.

“ஒன்றுமில்லை” என்ற சொல்

நாக்பூர் மாவட்டத்தில் ஆரஞ்சுத் தோட்டங்கள் அதிகம். அங்கே கூடை சுமக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அவருக்கு வயது 52. சர்க்கரை நோய் உண்டு. கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்காரும்போது நெஞ்சு இறுகுகிறது. அரைமணி நேரம் கழித்துத்தான் விடுகிறது. விடியற்காலையில் படுத்திருக்கும்போதும் சில நாள் வருகிறது.

முதலில் வீட்டில் எல்லோரும் வாயு என்றார்கள். சோடா குடித்தார். ஓமம் மென்றார். வலி போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். சரியாக இருந்தது. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். “குழாயில் அடைப்பு ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள் அம்மா” என்று டாக்டர் சொன்னார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் வலி மறுபடியும் வந்தது. இப்போது வீட்டில் யாரும் நம்பவில்லை. “பெரிய டாக்டரே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாரே” என்றார் மாமியார். “மனசுதான் காரணம்” என்றார் கணவர். பிறகு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. வலியை வெளியே சொல்வதை நிறுத்தினார். மாத்திரையையும் நிறுத்தினார்.

இங்கேதான் தவறு நடக்கிறது. டாக்டர் சொன்னது உண்மைதான். பெரிய குழாயில் அடைப்பு இல்லை. ஆனால் அதற்கு “நோயே இல்லை” என்று பொருள் இல்லை.

படம் எதைக் காட்டும்? எதைக் காட்டாது?

ஆஞ்சியோகிராம் என்பது ஒரு வகை எக்ஸ்ரே படம். கையிலோ தொடையிலோ உள்ள இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்துவார்கள். இதயக் குழாயில் ஒரு மருந்தை விட்டுப் படம் பிடிப்பார்கள். பெரிய குழாய்கள் நன்றாகத் தெரியும். நுண்குழாய்கள் இந்தப் படத்தில் தெரியாது. வாய்க்காலைப் படம் பிடித்தால் கடைமடை எப்படித் தெரியும்?

ஓய்வாக இருக்கும்போது எடுக்கும் ஈ.சி.ஜி.யும் பலருக்குச் சரியாகவே இருக்கும். வலி அந்த நேரத்தில் இருக்காது அல்லவா?

படம் சரியாக இருந்தும் வலி வருவதை டாக்டர்கள் 1960-களிலேயே கவனித்தார்கள். 1973-இல் இதற்குச் ‘சிண்ட்ரோம் எக்ஸ்’ என்ற பெயர் வந்தது. நுண்குழாய் நெஞ்சுவலி என்ற பெயர் 1988-இல் வந்தது. இதை எப்படி உறுதி செய்வது என்று பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து 2018-இல் விதிமுறை வகுத்தார்கள். ஆகவே இது புதுக் கற்பனை அல்ல. மன மயக்கமும் அல்ல.

நுண்குழாய்களைச் சோதிக்க வழிகள் உண்டு. குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்து இரத்த ஓட்டம் எத்தனை மடங்கு கூடுகிறது என்று அளப்பார்கள். இரண்டு மடங்குகூடக் கூடவில்லை என்றால் கோளாறு இருக்கிறது என்று பொருள். பெட் ஸ்கேன், எம்.ஆர்.ஐ. மூலமும் அளக்கலாம். இந்த வசதி பெரிய நகரங்களில் சில ஆஸ்பத்திரிகளில்தான் இருக்கிறது. செலவும் அதிகம்.

அதனால் பல இடங்களில் டாக்டர் விசாரித்துத்தான் முடிவு செய்கிறார். வலி எப்போது வருகிறது? எவ்வளவு நேரம் இருக்கிறது? எதனால் குறைகிறது? சர்க்கரை, கொதிப்பு உண்டா? வயிற்றுப் புண், தசைப் பிடிப்பு, நுரையீரல் நோய் இவற்றாலும் நெஞ்சு வலிக்கும். அவற்றையும் பார்க்க வேண்டும். இரத்தசோகை இருந்தால் வலி கூடும். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை உள்ளது. ஆகவே இரத்தப் பரிசோதனையும் முக்கியம்.

இப்படிப் பார்த்து முடிவு செய்ய நாளாகும். ஒரு டாக்டர் ஒன்று சொல்வார். இன்னொருவர் வேறு சொல்வார். நோயாளிக்குக் குழப்பமாக இருக்கும். அதற்காக மனம் தளர வேண்டாம். “அடைப்பு இல்லை என்றால் வலி எதனால் வருகிறது? நுண்குழாய்க் கோளாறாக இருக்குமா?” என்று டாக்டரிடம் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அது நோயாளியின் உரிமை.

மருந்தும் பொறுமையும்

பெரிய குழாயில் அடைப்பு இருந்தால் ஸ்டென்ட் வைத்துத் திறக்கலாம். நுண்குழாயில் ஸ்டென்ட் வைக்க முடியாது. மருந்தும் பழக்கமும்தான் வழி.

சில மாத்திரைகள் இதயத் துடிப்பைக் குறைக்கும். இதயத்தின் வேலை குறையும். சில மாத்திரைகள் குழாய் சுருங்காமல் காக்கும். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் தருவார்கள். அது குழாயின் உட்சுவரைக் காக்கிறது. எல்லோருக்கும் ஒரே மருந்து ஒத்துவராது. ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பார்கள். அளவைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். இதைப் பார்த்து, “டாக்டருக்கே தெரியவில்லை” என்று நினைக்கக் கூடாது. இந்த நோய்க்கு வைத்தியம் செய்யும் முறையே அதுதான்.

ஸ்காட்லாந்தில் ஓர் ஆய்வு நடந்தது. படத்தில் அடைப்பு இல்லாத 151 நோயாளிகள் அதில் இருந்தார்கள். எல்லோருக்கும் நுண்குழாய்ச் சோதனை செய்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு அந்தச் சோதனையின் முடிவைப் பார்த்து மருந்து கொடுத்தார்கள். மறுபாதிப் பேருக்கு வழக்கம்போலக் கொடுத்தார்கள். 6 மாதம் கழித்துப் பார்த்தபோது, சோதனையைப் பார்த்து மருந்து பெற்றவர்களுக்கு வலி அதிகம் குறைந்திருந்தது. இந்த முடிவு 2018-இல் வெளிவந்தது. காரணம் தெரிந்தால் வலியைக் குறைக்க முடியும் என்று இது காட்டுகிறது.

மாத்திரையால் சில தொல்லைகள் வரலாம். தலை வலிக்கலாம். கணுக்கால் வீங்கலாம். களைப்பு, மயக்கம், மலச்சிக்கல் வரலாம். இவற்றை டாக்டரிடம் சொல்ல வேண்டும். தானாக மருந்தை நிறுத்தக் கூடாது. துடிப்பைக் குறைக்கும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலி முன்பைவிடக் கடுமையாக வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையைப் பலர் அறிவார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். உட்கார்ந்துகொண்டு வைக்க வேண்டும். நின்றபடி வைத்தால் மயங்கி விழ நேரும். ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெட்கப்படாமல் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

ஒரு முக்கியமான செய்தி. நுண்குழாய் நெஞ்சுவலி உள்ள சிலருக்கு இந்த மாத்திரை சரியாகக் கேட்பதில்லை. “மாத்திரை வைத்தும் குறையவில்லை, ஆகவே இது இதய வலி இல்லை” என்று சொல்வது தவறு.

ஒரு நோட்டும் ஒரு பென்சிலும்

எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு இந்த நோயில் ஒரு பெரிய பலம் உண்டு. வலி வரும்போதெல்லாம் நோட்டில் நான்கு செய்திகளை எழுதலாம். என்ன தேதி, என்ன நேரம்? அப்போது என்ன வேலை? எத்தனை நிமிடம் இருந்தது? எதனால் நின்றது? இந்த நோட்டைப் பார்த்தால் டாக்டருக்குப் பாதி விஷயம் விளங்கிவிடும்.

மாத்திரை அட்டையில் இரண்டு பெயர் இருக்கும். ஒன்று கம்பெனி வைத்த பெயர். மற்றது மருந்தின் பெயர். கம்பெனிப் பெயர் வேறாக இருந்தும் மருந்து ஒன்றாக இருக்கலாம். இரண்டு டாக்டர் எழுதிய ஒரே மருந்தை இரட்டிப்பாகச் சாப்பிடும் ஆபத்து உண்டு. ஆகவே பழைய சீட்டு, அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும். அரசின் மக்கள் மருந்தகத்தில் பல மருந்துகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். காலாவதித் தேதியையும் படித்துப் பார்க்க வேண்டும்.

புகையிலையை எந்த வடிவத்திலும் விட்டுவிட வேண்டும். பீடி, சிகரெட், குட்கா, கைனி எல்லாம் ஒன்றுதான். சர்க்கரையையும் கொதிப்பையும் கட்டுக்குள் வைக்க வேண்டும். டாக்டரைக் கேட்டு, தினமும் மெதுவாக நடக்கத் தொடங்கலாம். போகப் போக நேரத்தைக் கூட்டலாம். குளிரும் கவலையும் வலியைத் தூண்டும். கவலை வலியைத் தூண்டுகிறது என்பதால் வலி பொய்யாகிவிடாது.

எப்போது ஓட வேண்டும்?

நுண்குழாய் நோய் இருக்கிறது என்று தெரிந்தவருக்கும் மாரடைப்பு வரலாம். வழக்கமான வலிதானே என்று படுத்திருக்கக் கூடாது. வலி முன்பைவிடக் கடுமையாக இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வியர்த்துக் கொட்டினால், மூச்சுத் திணறினால், மயக்கம் வந்தால் போக வேண்டும். மாத்திரை வைத்து 5 நிமிடத்தில் குறையவில்லை என்றாலும் போக வேண்டும். பல மாநிலங்களில் 108-ஐக் கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வரும். நாடு முழுவதற்கும் 112 என்ற எண் இருக்கிறது. போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பினால் அதில் வெட்கம் எதுவும் இல்லை.

இந்த நோயை அடியோடு போக்க மருந்து இல்லை. ஆனால் வலியைக் குறைத்து, வேலை செய்து, நன்றாக வாழ முடியும். அதற்கு மருந்து ஒரு பங்கு. குடும்பத்தின் நம்பிக்கை இன்னொரு பங்கு. வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் முதலில் நம்ப வேண்டும்.

நினைவில் வையுங்கள்

1. ஆஞ்சியோகிராம் பெரிய குழாய்களை மட்டும் காட்டும்.
2. அடைப்பு இல்லை என்றாலும் வலி உண்மையாக இருக்கலாம்.
3. டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீர்கள்.
4. வலியை நோட்டில் எழுதுங்கள்.
5. வலி கடுமையானால் காத்திருக்காதீர்கள்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் யாராவது நெஞ்சு வலி என்று சொன்னால் முதலில் என்ன செய்வீர்கள்?
2. பெண்கள் தங்கள் வலியை ஏன் வெளியே சொல்வதில்லை?
3. உங்கள் ஊருக்கு அருகில் ஈ.சி.ஜி. எடுக்கும் ஆஸ்பத்திரி எது? இரவில் அங்கே போக என்ன வழி?